நீலத்தின் மேல் சிவப்பு

மதிய வெயில் தொட்டித் தண்ணீரில் பட்டு ஆய்வகத்தின் கூரையில் நெளிகிறது. ஒரு தொட்டியில் குளிர்ந்த கடல்நீரில் சிப்பிகள் கிடக்கின்றன. அடுத்ததில் சூடேற்றிய நீரில் வாய் பிளந்தபடி சில. இரண்டிலிருந்தும் எடுத்த சதைத் துணுக்குகளில் மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதைக் கணினித் திரை கோடுகளாக வரைகிறது. குளிருக்கு நீலம், சூட்டுக்குச் சிவப்பு. சிப்பிக்காரி என்று எல்லோரும் கூப்பிடும் ஆய்வாளர் உதட்டைக் கடித்தபடி நிற்கிறாள். எந்தச் சூட்டிலும் மாறாது என்று நம்பி, மற்ற மரபணுக்களை அளக்க அவள் அளவுகோலாக வைத்திருந்த மரபணுவே இரண்டு கோடுகளாகப் பிரிந்து கிடக்கிறது. “போச்சு. அளவுகோலே சூட்டுல நீண்டிருக்கு. இத வச்சு அளந்ததெல்லாம் குப்பைதான்.” பக்கத்து நாற்காலியில் இருக்கும் தோழி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இரு, இப்பவே ஒப்பாரி வைக்காத. ஒப்புக்கு இன்னொரு மரபணுவையும் சேர்த்தோமே, அதையும் பாத்துடலாம்” என்று விசையைத் தட்டுகிறாள். திரையில் ஒரே ஒரு சிவப்புக் கோடு எழுகிறது. “குளிர்ல இருந்தத போட மறந்துட்டியா?” என்கிறாள் சிப்பிக்காரி. “ரெண்டும் போட்டிருக்கேன்டி. கண்ணத் தொறந்து பாரு.” மூக்கு திரையில் படுமளவு அவள் குனிகிறாள். சிவப்புக்கு அடியில் நீலம், இம்மியும் பிசகாமல் படுத்திருக்கிறது. சிப்பியின் உடம்பு முழுக்க வெந்து பதறியபோதும் உள்ளே இந்த மரபணு மட்டும் தன்பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சூட்டுத் தொட்டியில் ஒரு சிப்பி குமிழி விடுகிறது. சிப்பிக்காரி கையுறையைக் கழற்றிவிட்டுக் குறிப்பேட்டை இழுக்கிறாள். பழைய அளவுகோலின் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் இதன் பெயரை எழுதுகிறாள்.