மூன்றாவது கோடு

'டக்' என்று ஒரே சத்தம் வரவேண்டும். 'டக்... லொடக்' என்று இரண்டாக வந்தது.

நிவா சுமியே தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "உள்ள ஒரு வாஷர் இல்லை."

"காதாலயே கண்டுபிடிச்சிட்டீங்க, நிவா சான்." மேற்பார்வையாளர் ஓகுரி, விரித்துக் காட்டிய அந்த மடக்குக் கத்தியை அவள் மேஜைமேல் வைத்தார். "வாங்கினவர் விரலால கண்டுபிடிச்சிருக்கார்."

வாங்கியவர் பேரிக்காய்த் தோட்டக்காரர். கயிறு அறுக்கும்போது பூட்டு வழுக்கி அலகு மடங்கிவிட்டது. ஆள்காட்டி விரலில் நரம்பு அறுந்துவிட்டது. இனி அந்த விரல் மடங்காது.

"கடிதத்துல என்ன எழுதியிருக்கார் தெரியுமா? 'என் கவனக்குறைவு, உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துட்டேன்'னு."

"அப்போ நாம தப்பிச்சோம்!" என்றாள் பக்கத்து மேஜை மியாச்சி.

"அப்படி எழுதறவங்க முன்னாடிதான் ரெண்டு மடங்கு குனியணும். நாளைக்குப் பலகாரப் பெட்டியோட போறேன்."

"எனக்கும் ஒரு பெட்டி வாங்கிட்டு வாங்க."

நிவாவுக்கு எரிச்சலாக வந்தது. "மியாச்சி சான், உங்க கையும் வாயும் ஒரே மோட்டார்ல ஓடுது போல."

"ஆமா, வாயை நிறுத்தினா கையும் நின்னுடும்!"

கத்திகள் திரும்பி வந்தால் பிரித்துப் பார்ப்பது மியாச்சியின் வேலை. இந்த வருஷம் இரண்டு வந்தன. இரண்டும் தான் கோர்த்ததுதான் என்று அவளே போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதனால்தான் மூன்றாவது, நிவாவின் மேஜைக்கு வந்தது.

"நீங்க பிரிங்க. உங்க கை சுத்தம்," என்றார் ஓகுரி. "யார் குறியா இருந்தாலும் சரி, அவங்க இனிமே கத்தி கோர்க்க வேண்டாம்." இரண்டடி நடந்தவர் நின்றார். "அப்புறம், அறுபது முடியறவங்க பட்டியலை இன்னிக்கு மேலிடத்துக்கு அனுப்பறேன். கவலைப்படாதீங்க, உங்க பேருக்குப் பக்கத்துல வட்டம் போட்டாச்சு, அறுபதுக்கு அப்புறமும் உங்களுக்கு வேலை உண்டு."

மூன்று மணிக்கு மணி அடித்தது. எல்லோரும் தேநீருக்குப் போனார்கள். நிவா போகவில்லை.

வெள்ளைத் துணியை விரித்தாள். பிடியின் இரண்டு திருகுகளைக் கழற்றினாள். பிடியின் மர உறையை எடுத்தாள். பிறகு அலகைத் தாங்கும் நடுத் திருகு. கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்கினாள். ஒரு பக்கம் பித்தளை வாஷர் இருந்தது. மறுபக்கம் வெறும் தகடு. அலகு உரசி உரசிப் பள்ளமாகியிருந்தது.

அந்தத் தகட்டின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், கோர்த்தவர் தன் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைப்பது அந்தத் தொழிற்சாலையின் வழக்கம். ஜப்பானிய எழுத்தில் 'மி'க்கு மூன்று கோடு. 'நி'க்கு இரண்டு.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாள்.

இரண்டு கோடு.

மறுபடியும் துடைத்தாள். இரண்டுதான்.

பதினெட்டு வருஷத்தில் ஒரு கத்திகூட அவள் பெயரில் திரும்பி வந்ததில்லை. இதைக் கோர்த்த அன்று யாரோடு பேசிக்கொண்டிருந்தோம் என்று யோசித்தாள். அவள் யாரோடும் பேசுவதில்லையே.

ஓய்வூதியம் வர அறுபத்தைந்து ஆகவேண்டும். நடுவில் ஐந்து வருஷம் சாப்பிட்டாக வேண்டும். வட்டம் போட்ட பட்டியல் இன்னும் ஓகுரியின் மேஜையில்தான் இருந்தது.

கீறும் ஊசியை எடுத்தாள். ஒரே ஒரு கோடு. மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

ஓகுரி வந்தார். "யாரு?"

"மூணு கோடு."

பொய் இல்லை. யார் எண்ணினாலும் மூன்றுதான்.

மியாச்சியைக் கூப்பிட்டார்கள். வாயில் பிஸ்கட்டோடு வந்தாள். தகட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மூன்றாவது கோட்டை நகத்தால் வருடினாள்.

பிறகு இடுப்பு வரை குனிந்தாள். "என்னோடதுதான். மன்னிச்சிடுங்க."

"மூணாவது தடவை, மியாச்சி சான்! ஒருத்தரோட விரல் போயிருக்கு!"

"மன்னிச்சிடுங்க."

"நாளையிலேருந்து அட்டைப்பெட்டி மடிக்கற பக்கம் போங்க."

ஓகுரி போய்விட்டார். நிவா துணியில் கிடந்த திருகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மியாச்சி எண்ணெய்த் துணியை எடுத்தாள். தகட்டை அழுத்தித் தேய்த்துக்கொண்டே, வேறு யார் காதிலும் விழாத குரலில் சொன்னாள்: "பழைய கோடு கறுத்துக் கிடக்கும், நிவா சான். புதுசு மினுங்கும். நல்லாத் தேய்க்கணும், இல்லேன்னா காட்டிக் கொடுத்துடும்."

நிவா நிமிர்ந்தாள். "தெரிஞ்சுமா..."

"உங்க கண்ணு மங்கிட்டு வருது. கண்ணாடி மாத்துங்கன்னு சொன்னா, என்கூட மூணு நாள் பேச மாட்டீங்க. அறுபது வரைக்கும் எப்படியாவது ஓட்டிடலாம்னு பார்த்தேன்."

தகட்டைத் துணிமேல் வைத்தாள். தன் மேஜையிலிருந்த தேநீர்க் கோப்பையையும் கைத்துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

"இதுல கோட்டை நீங்களே போட்டுட்டீங்க. போன ரெண்டுலயும் நான்தான் போட்டேன்."

அவள் போன பிறகு, நிவா டப்பாவிலிருந்து ஒரு வாஷரை எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, அந்தக் கத்தியின் நடுத் திருகில் மாட்டினாள்.