வளையத்துக்குள் வெள்ளை

குறிபார்க்கக் காற்றுத் துப்பாக்கியின் முனையில் மாட்டும் வளையங்கள் ஒரு தகர டப்பாவுக்குள் கலகலக்கின்றன. பயிற்சிக்கூடத்துச் சன்னல் வெளிச்சம் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. சுவரோரம் நிற்கும் வெல்டர் தன் மகளின் கண்களையே பார்க்கிறார். அவை சிவந்து நீர் கோத்திருக்கின்றன. காலையிலிருந்து அவள் சுட்டதில் ஒரு குண்டுகூடக் கறுப்பு வட்டத்தில் படவில்லை. தன் பட்டறையின் வெல்டிங் வெளிச்சம்தான் பிள்ளையின் கண்ணைத் தின்றுவிட்டதோ என்று அஞ்சுகிறார். “கண்ணுல கோளாறுங்களா மேடம்?” என்று பயிற்சியாளரிடம் மெல்லக் கேட்கிறார். அந்த அம்மாள் துப்பாக்கியை மேசையில் கிடத்தி முனையைப் பார்க்கிறார், சிரிப்பு வந்துவிடுகிறது. “யாருடி இதை மாட்டச் சொன்னது?” “பெரிய அக்காங்க எல்லாம் இந்தப் பொடி வளையம்தானே வச்சிருக்காங்க!” “அவங்க செருப்பையும் போட்டுக்கிட்டு வா. கறுப்பு வட்டமும் வளையமும் இடைவெளியில்லாம ஒட்டிக்கிட்டா எந்தக் கண்ணுக்குத்தாண்டி தெரியும்? உத்து உத்துப் பார்த்துதான் தண்ணி வருது.” டப்பாவைத் துழாவி, அகலமான வளையம் ஒன்றை எடுத்து மாட்டித் திருகுகிறார். மகள் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதிக்கிறாள். “அப்பா, சுத்தி வெள்ளை தெரியுது! கறுப்பு நடுவுல நிக்குது!” டப்பென்று ஒரு சத்தம். தூரத்துத் தாளில் கறுப்புக்குள் ஓரமாக ஒரு துளை விழுந்திருக்கிறது. வெல்டர் அசையவில்லை. “நீங்க மூச்சு விடலாம் சார், சுடுறது அவதான்” என்கிறார் பயிற்சியாளர். வெல்டர் மூச்சை விடுகிறார், கூடமே கேட்கும்படி. அடுத்த குண்டுக்குக் குறிவைத்திருக்கும் மகள் திரும்பாமலே சொல்கிறாள்: “உஷ்… சத்தம் போடாதீங்கப்பா.”