கைக்குள் அடங்கும் துப்பாக்கி

இதுவும் ஒழுகியது.

விசையை அழுத்தினால் தண்ணீர் முன்னால் போகவேண்டும். இது அவள் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வந்தது. கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

திருவிழாக் கடைக்காரர் ஒரு வாளித் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் பொறுமையாக இருந்தார். முதுகில் டாங்கி மாட்டிக்கொள்ளும் பெரிய துப்பாக்கி ஒன்றைக் காட்டினார். ஊரே நனையும் என்றார்.

ஊர் நனைந்து அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஓர் ஆள் நனைந்தால் போதும்.

பெரியது தூரத்திலேயே தெரிந்துவிடும். போன வருஷக் கோயில் மஞ்சள் நீராட்டில் செம்போடு போய் அப்படித்தான் ஏமாந்தாள். அவன் சட்டென்று இடப்பக்கம் சாய்ந்தான். செம்புத் தண்ணீர் முழுக்கப் பூசாரிக்கு அபிஷேகமானது.

பூசாரி அவளுக்குப் பெரியப்பா முறை. முறை தவறி ஒரு சொட்டு விழுந்தாலும் குற்றம். அம்மா அன்று சாமியிடமும் மன்னிப்புக் கேட்டாள், பூசாரியிடமும் கேட்டாள்.

மாமன் மகன், அத்தை மகன், மச்சான், மதினி. இவர்கள் மேல் ஊற்றலாம். அண்ணன் தம்பி மேல் கூடாது. ஊர் மதிக்கிற ஒரே சட்டம் இது. ஹெல்மெட்டெல்லாம் அப்புறம்தான்.

அவன் மாமன் மகன். சட்டப்படி குறையில்லாத இலக்கு.

"பிள்ளைக்கா டீச்சர்?" என்றார் கடைக்காரர்.

"ஆமா."

"எத்தன வயசு?"

அவனுக்கு இருபத்தெட்டு என்று சொல்லமுடியுமா. ஏழு என்றாள். குணத்துக்கு அது சரியாகவே இருந்தது.

கடைசியில் கிடைத்தது. கிளிப்பச்சை. உள்ளங்கைக்குள் மறைந்தது. ஒழுகவில்லை, கிரீச்சிடவில்லை. நூல் பிடித்தாற்போல் போய் எதிர்க்கடைப் பலூனைத் தொட்டது.

கணக்கு டீச்சர். தூரம் பார்த்தாள், கோணம் பார்த்தாள், மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். இந்த வருஷம் வீடு தேடி வந்த மாப்பிள்ளைகளை இதில் பாதிகூட அவள் பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவ்வளவு நேரம் தேவைப்படவுமில்லை.

போன வருஷம் செம்பு காலியான பிறகு அவன் கிட்டே வந்து, அவள் கன்னத்தில் மஞ்சளைப் பூசிவிட்டுச் சொல்லிப் போயிருந்தான். அடுத்த வருஷம் நீ எங்க வீட்டு வாசல்ல நின்னுதான் ஊத்துவ.

அந்த வாக்கியத்தை ஒரு வருஷமாக வைத்திருந்தாள். கெட்டுப்போகிற பொருள் என்று யாரும் சொல்லவில்லை.

*

மஞ்சளைக் கரைத்துத் துணியில் வடிகட்டினாள். கப்பி அடைத்தால் விசை இறுகிவிடும். வடிகட்டிய பிறகு கொஞ்சம் பன்னீர் சேர்த்தாள்.

சண்டைக்குப் போகிறவளுக்குப் பன்னீர் எதற்கு என்று தன்னையே கேட்டாள்.

கோயில் தெரு மஞ்சளாகிக் கிடந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றாள். கை முந்தானைக்குள்.

காரை விட்டு இறங்கி அவன் வந்தான். வெள்ளைச் சட்டை.

இன்னும் நாலு எட்டு. இந்தத் தடவை அவனைக் குறி வைக்கவில்லை. அவனுக்கு இடப்பக்கம், சாயப்போகிற வெற்றிடத்துக்குக் குறி வைத்தாள்.

அவன் சாயவில்லை.

கையை உயர்த்தித் தடுத்தான். சிரித்தபடியே பின்னால் திரும்பினான். அங்கே வெள்ளைச் சுடிதாரில் ஒரு பெண். விரலில் புது மோதிரம். அவன் விரலிலும் அதற்கு ஜோடி.

"சம்யு, நான் சொன்னேன்ல, இவதான். எனக்குக் கூடப் பொறக்காத தங்கச்சி."

மேளம் அடித்துக்கொண்டேதான் இருந்தது.

ஒரு வருஷத்து வாக்கியத்தை ஒரே சொல்லில் அழித்துவிட்டான். தப்பான விடையை அழிக்க அவள் வகுப்புப் பிள்ளைகள்கூட இதைவிட அதிக நேரம் எடுப்பார்கள்.

விரல் விசையின் மேல் நின்றது. அண்ணன் மேல் ஒரு சொட்டு விழக்கூடாது. அம்மா ஒருமுறை மன்னிப்புக் கேட்டது போதும்.

தெருவில் எல்லாரும் நனைந்திருந்தார்கள். இவர்கள் மூன்று பேர் மட்டும் காய்ந்து நின்றார்கள்.

அந்தப் பெண் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் பாதி, ஆசை பாதி. செம்போடு ஓடிவந்தவர்கள் அவளைக் கண்டதும் விலகிப் போனார்கள். அவள் மேல் ஊற்ற இந்த ஊரில் யாருக்கும் முறையில்லை.

ஒருத்திக்கு இருந்தது. இப்போதுதான் கிடைத்திருந்தது.

அண்ணன் கட்டிக்கொள்ளப்போகிறவள் மதினி. மதினி மேல் நாத்தனார் ஊற்றலாம். ஊற்றாவிட்டால்தான் குறை.

அழுத்தினாள்.

மெல்லிய மஞ்சள் கோடு. வெள்ளைத் தோளில் பொட்டளவு விழுந்து விரிந்தது. முகத்தில் படவில்லை. படவிடவில்லை.

அந்தப் பெண் துள்ளினாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். தோளை முகர்ந்து பார்த்துவிட்டு, பன்னீர் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். இந்த ஊர் வழக்கமா என்றும் கேட்டாள்.

இல்லை என்று இவள் தலையாட்டினாள்.

அந்தப் பெண் கை நீட்டினாள். அவனை நனைக்கவேண்டுமாம். துப்பாக்கி ஓர் உள்ளங்கையிலிருந்து இன்னொரு உள்ளங்கைக்குப் போனது. அங்கேயும் சரியாக அடங்கியது.

"நேராக் குறி வைக்காதீங்க மதினி. அது எப்பவும் இடப்பக்கந்தான் சாயும்."

அந்தப் பெண் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினாள்.

அவன் சிரித்துக்கொண்டே சாய்ந்தான்.

இடப்பக்கம்.

அந்தப் பெண் அழுத்தவில்லை.

மூடிய கண்ணைத் திறந்தாள். துப்பாக்கியை மெல்ல இறக்கி, மூக்கருகே கொண்டுபோய், இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள்.