ஜன்னல் வழியா குதிங்க!

கேரவனின் பின்னறையில் மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தவரை மனைவி உலுக்கி எழுப்பினாள்.

"எழுந்திருங்க. ஒத்திகை! ஜன்னல் வழியா குதிங்க."

வாடகைக்கு இந்த வண்டியை எடுத்துச் சுற்றுலா கிளம்பியதிலிருந்து இதே தொல்லை. வாசல் பக்கம் தீப்பிடித்தால் எப்படித் தப்பிப்பது என்று தினமும் ஒத்திகை வைத்து உயிரை வாங்கினாள்.

"காலையிலதானே குதிச்சேன்? இடுப்பு இன்னும் வலிக்குது."

"பேச்சு அப்புறம். குதிங்க!"

"செருப்பாவது போட்டுக்கறேனே..."

"எதுவும் வேண்டாம்."

சாத்திய அறைக்கதவில் முதுகை முட்டுக்கொடுத்து அவள் நின்ற தோரணையைப் பார்த்ததும், வாயைக் கொடுத்துப் பிரயோஜனமில்லை என்று அவருக்குப் புரிந்தது. ஜன்னலைத் தள்ளித் திறந்து, தொந்தியை எக்கிக்கொண்டு, தொப்பென்று புல்லில் விழுந்தார். பின்னாலேயே குதித்தவள் அவர் கையைப் பிடித்துத் தூரத்து மரத்தடி வரை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"பாஸாயிட்டேனா? இனி போய்ப் படுக்கலாமா?"

அவள் செல்போனைக் காதில் வைத்தாள்.

"தீயணைப்பு நிலையமா? சீக்கிரம் வாங்க!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். வண்டியின் முன்பாதி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது.

"தீன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா தண்ணியைத் தூக்கிக்கிட்டு அடுப்புக்கிட்ட ஓடியிருப்பீங்க. அது எண்ணெய்த் தீங்க."

அதுவரை கல்லாய் நின்றவள் இப்போதுதான் உடைந்து அழுதாள். அவர் அவளை மெல்லப் புல்லில் உட்காரவைத்து, தோளோடு அணைத்துக்கொண்டார்.

"வண்டி போனா போகட்டும்மா. நாம முழுசா வந்துட்டோம்ல?"