நாற்பத்தேழாம் நம்பர்

"அந்த நாற்பத்தேழை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க சார். வேணும்னா உங்க கால்ல விழறேன்."

புதிய தலைவர் திகைத்துப் போனார். அந்த ஆய்வுக்கூடத்தில் அவர் பொறுப்பேற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஃப்ரிட்ஜில் கால் வைக்க இடமில்லாமல் பழைய கிருமிகள் குப்பியில் குடியிருந்தன. வேண்டாதவற்றை அழிக்கச் சொல்லி ஒரு பட்டியல் போட்டிருந்தார். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பெரியக்கா மட்டும் ஃப்ரிட்ஜ் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

இருபது வருட டெக்னீஷியன். தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். பெரியக்கா அங்கேயேதான் இருந்தார்.

"எந்த மருந்துக்கும் சாகாத கிருமி அது. அதை வெச்சு என்ன பண்றீங்க?"

"எந்த மருந்துக்கும் சாகாததாலதான் சார் வெச்சிருக்கேன்."

அங்கே வேலையே அதுதான். குளத்து மண், குப்பைமேட்டு மண், பப்பாளி விதை, நாவல் கொட்டை என்று எது கிடைத்தாலும் கொண்டுவருவார்கள். மண்ணிலுள்ள நுண்ணுயிர்களைத் தனியே வளர்ப்பார்கள். விதைகளை அரைத்துச் சாறு எடுப்பார்கள். கண்ணாடித் தட்டில் நோய்க்கிருமியைப் பாய் விரித்த மாதிரி பரவவிட்டு, நடுவில் இதில் ஒரு துளி. மறுநாள் துளியைச் சுற்றி வட்டமாக வெறுமையாகிக் கிடந்தால், உள்ளே கிருமியைக் கொல்கிற சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். நூறில் தொண்ணூற்றொன்பது வெறும் மண்தான்.

மற்றவர்கள் நான்கு கிருமிகளோடு நிறுத்திக்கொள்வார்கள். பெரியக்கா ஐந்தாவதாக நாற்பத்தேழையும் ஒரு தட்டில் போட்டுப் பார்ப்பார். பதினோரு வருடமாக ஒரு தட்டிலும் வட்டம் விழவில்லை.

"சரி, ஒரு மாசம்" என்றார் தலைவர். "அதுக்குள்ள ஒண்ணும் ஆகலைன்னா என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

அன்று மாலை அவர் ஸ்டோர்காரரிடம் எரிந்து விழுந்தார். "என்னய்யா இந்த அம்மா? ஆய்வுக்கூடக் கோட்டைக் கழட்டாம டீ குடிக்கப் போனேன்னு என்னையே நாலு பேருக்கு நடுவுல அதட்டுறாங்க. இப்ப ஒரு கிருமிக்காக மல்லுக்கு நிக்கிறாங்க."

"அக்கா அப்படித்தான் சார். கல்யாணத்துக்குப் போனா சாப்பிடறாங்களோ இல்லையோ, மண்ணு அள்ளாம வர மாட்டாங்க" என்று சிரித்த ஸ்டோர்காரர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு யாரும் சொல்லலையா சார்? அவங்களுக்கு ஒரே பொண்ணு. ஆறு வயசு. காய்ச்சல்னு ஆஸ்பத்திரில சேர்த்தாங்க. ரத்தத்துல இருந்தது அந்த நாற்பத்தேழுதான். இருக்கிற மருந்தெல்லாம் குடுத்துப் பார்த்தாங்க. எட்டாம் நாள் போயிடுச்சு."

அவருக்கும் பள்ளிக்கூடம் போகிற மகள் உண்டு.

மறுநாள் முதல் அவர் பெரியக்காவிடம் குரலை உயர்த்தவில்லை. வீட்டுக் கொல்லைப்புறத்து மண்ணைக்கூட ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து, "பாருங்கக்கா, உதவுமான்னு" என்று நீட்டினார். பெரியக்கா அதையும் போட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை.

மூன்றாவது வாரம், ஒரு காலை நேரம், "சார், கொஞ்சம் வர்றீங்களா?" என்று கூப்பிட்டார்.

மேஜையில் ஒரே தட்டு. சலவைக்கூடத்துக்குப் பின்னால் எடுத்த ஈரமண்ணாம். துளியைச் சுற்றி, வரைந்து வைத்தது போல வட்டம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி கிருமி இல்லை.

"நாற்பத்தேழா?"

"நாற்பத்தேழுதான் சார். மூணு தடவை போட்டுப் பார்த்துட்டேன்."

தலைவர் துள்ளிக் குதிக்காத குறை. ஸ்டோர்காரரைக் கூவி அழைத்தார். இதை மருந்தாக்க இன்னும் எத்தனையோ வருடம் ஆகலாம், ஆகாமலே போகலாம்; ஆனாலும் சாகாத ஒன்று செத்திருக்கிறது. கூடமே திரண்டு வந்து தட்டை எட்டிப் பார்த்துக் கைதட்டியது.

பெரியக்கா மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு தலைவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார்.

"எனக்கு எல்லாம் தெரியும்க்கா. ஸ்டோர்காரர் சொன்னார். வேற யாராயிருந்தாலும் உடைஞ்சு போயிருப்பாங்க. நீங்க உங்க மகளைக் கொண்டுபோன கிருமியைப் பதினோரு வருஷம் விடாம துரத்திப் பிடிச்சிருக்கீங்க. உங்களை மாதிரி ஒரு தாயை நான் பார்த்ததில்லை."

பெரியக்கா தட்டை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார்.

"இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க பாப்பாவோட ரத்தத்துலேர்ந்து எடுத்த கிருமியை அழிக்காம நமக்கு அனுப்பி வெச்சாங்களே, அதுவே பெரிய புண்ணியம்."

"ஆஸ்பத்திரியிலிருந்து வரலை சார்."

"அப்புறம்?"

"சாக்கடைத் தண்ணியிலிருந்து நானே பிரிச்செடுத்து நம்பர் போட்டது. அவ படுக்கையில விழறதுக்கு மூணு மாசம் முன்னாடியே அது இந்த ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சு" என்றார் பெரியக்கா, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்கேயிருந்துதான் சார் என் வீட்டுக்குப் போச்சு... அன்னைக்கு அவ பசின்னு அழுதா, நான் கை கழுவாம ஊட்டிவிட்டேன்."