கற்சுவர் வரை

கயிற்றை இழுத்து இழுத்து ஆர்லோவுக்குத் தோள் கழன்றதுதான் மிச்சம். பக்கத்து வீட்டு வென்டெலிடம் காசு கொடுத்து வாங்கிய பழைய புதர்வெட்டும் இயந்திரம் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

"யோவ், இந்தச் சனியனை என் தலையில கட்டிட்டியே! கார்புரேட்டர் மாத்தியாச்சு, பெல்ட் மாத்தியாச்சு. இன்னும் என்னத்தய்யா மாத்துறது?"

"பிளக்கை மாத்திப் பாரு. என்கிட்ட புதுசு இருக்கு, சும்மாவே தரேன்," என்றார் வென்டெல். கோடை முழுக்க இதே கரிசனம்தான்.

புது பிளக்கில் இயந்திரம் உறுமியது. அத்தனை நாள் ஆத்திரத்தையும் சேர்த்து, பழைய கற்சுவரில் தொடங்கித் தன் வீட்டை நோக்கி, பிளாக்பெர்ரி முட்புதரை ஆர்லோ மொட்டையடித்தார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கற்சுவர் என்றால் எல்லை என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு.

கடைசிப் புதரில் பிளேடு 'ணங்'கென்று மோதி நின்றது. குனிந்து பார்த்தார். சர்வேயர் அடித்த எல்லைக் கம்பி, அவர் வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே!

"அப்போ நான் வெட்டினது பூரா..."

"என் நிலம்தான்," என்றார் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வென்டெல் சாவகாசமாக. "இந்தப் புதரை வெட்டு வெட்டுன்னு வருஷக்கணக்கா எம் பொண்டாட்டி உயிரை எடுத்தா. அதுக்காகத்தான் மெஷினை வாங்கினேன். உன்கிட்ட வித்ததும் அதுக்காகத்தான்."