வெள்ளைக் கீறல்

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க வந்தே?”

மல்சுன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் யோங்ஜா பாய்ந்துவிட்டாள். ஜெஜூ தீவின் மீனவர் சங்கக் கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

கோபம் நியாயம்தான். மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்கள் ஜோடியாக இறங்குவார்கள், ஜோடியாகக் கரையேறுவார்கள். யோங்ஜாவின் அக்கா சுன்னொக்கோடு இறங்கிய மல்சுன் போன வசந்தத்தில் தனியாகத் திரும்பினாள்.

“அவ ஆழத்துக்குப் போயிட்டா. நான் போகல.” அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் உடல் கிடைத்தது. பாறை வெடிப்புக்குள், மணிக்கட்டில் கயிற்றால் கட்டிய நெம்பு இரும்பு ஒரு சிப்பிக்கு அடியில் சிக்கியபடி.

இன்றைக்கு சுன்னொக்கின் கணவர் கிபேக்கின் ஓவியக் கண்காட்சி. மனிதருக்கு நீச்சல் தெரியாது. மனைவி தினமும் வந்து சொன்ன தண்ணீரைத்தான் வரைவார். உருவம் எதுவும் இருக்காது, வெறும் நிறமும் ஓட்டமும்தான். கடைசி ஓவியத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

மல்சுன் அதன் முன்னால் போய் நின்றாள். கறுப்பு, அடர்நீலம், அடியில் வளைந்த ஒரு வெள்ளைக் கீறல்.

“இது தலைகீழாத் தொங்குது.”

“ஓஹோ! ஓடி வந்தவளுக்கு ஓவியம் வேற தெரியுமோ?” யோங்ஜா சீறினாள். “மாமா பேரு போட்ட முத்திரை கீழ இருக்கு பாரு. நான்தான் குத்தினேன், நான்தான் மாட்டினேன். மாமாவால இதக் கண்ணால பாக்க முடியல.”

“வெளிச்சம் மேலதான் இருக்கும், யோங்ஜா. அவள இப்படித் தலைகீழா விடாத.”

கிபேக் எழுந்தார். முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார். தானே கழற்றி, திருப்பி மாட்டினார்.

“சரிதான். ஒரு வெடிப்புக்குள்ள போய் அண்ணாந்து பாத்தாத்தான் வெளிச்சம் இப்படி வளையும்னு அவ சொன்னா. வேற யாரும் அங்க எட்டிப் பாத்ததுகூட இல்லேன்னும் சொன்னா.” அவர் குரல் இறங்கியது. “நீ போகலேன்னியே, மல்சுன்?”

மல்சுன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போனியா?”

“மூணு தடவை. கயிற அறுக்க முடியல. எனக்கு மூச்சு பத்தல.”

யோங்ஜா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “ஊரே காறித் துப்பிச்சே! இத ஏன் அன்னிக்கே சொல்லல நீ?”

மல்சுன் பதில் சொல்வதற்குள் கிபேக் கேட்டார்:

“அப்போ… அவ உன்னப் பாத்தாளா?”

மல்சுன் யோங்ஜாவின் பக்கம் திரும்பினாள்.

“உன் மாமா இந்தக் கேள்வியக் கேட்டுடக் கூடாதுன்னுதான்.”